பெரியம்மாவின் பின் சீட்டு

அந்த வீட்டில் ஒன்பது நாளாக யாருக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை.

அப்பா பிரஷ்ஷில் ஷேவிங் கிரீமைப் பிதுக்கிப் பல் தேய்த்தார். அம்மா காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அதைக் குடித்துவிட்டு அப்பா, "நல்லா இருக்கே" என்றார். அதுதான் இன்னும் மோசம்.

கடுகுக்குக் கொட்டாவி விட்டு விட்டுத் தாடையே வலித்தது. கடுகுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, வாய் பெரியது என்பதால் அப்பா வைத்த செல்லப்பெயர் அது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள்தான். அவளுடைய தம்பி பம்பரம். வயது ஒன்றரை. ஓரிடத்தில் நிற்க மாட்டான். ஒன்பது நாளாகப் பகலில் கண்ணையும் மூட மாட்டேன் என்கிறான்.

அம்மா மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலில்தான் தூங்க முடியும். அவன் தூங்கினால்தான் அவள் தூங்கலாம். பகலில் தூங்காத பிள்ளை ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கும் என்று சொல்கிறவர்கள் பம்பரத்தைப் பார்த்ததில்லை. அந்த எரிச்சலில் ராத்திரியும் எழுந்து எழுந்து அழுதான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை அளந்தார்.

"எல்லாம் பெரியம்மா போனதிலேர்ந்துதான்" என்றாள் கடுகு.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா இல்லை. அவர்களுடைய பழைய கார். ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு நிற்குமே, அந்த வகை. வெள்ளை நிறம், அகன்ற முகம், உருண்ட கண்கள், எப்போதும் இருமல். முன்னால் ஒரு நீளமான சோபா, பின்னால் ஒரு நீளமான சோபா. எத்தனை உறவினர்கள் வந்து ஏறினாலும் கடைசியில் இன்னொருவருக்கு இடம் இருக்கும்.

தினமும் காலையில் அப்பா, கடுகு, பம்பரம் மூவரும் பெரியம்மாவில் போய் அம்மாவை அழைத்து வருவார்கள். அம்மா பின் சீட்டில் ஏறிக் காலை நீட்டிச் சாய்ந்துவிடுவாள். கடுகு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துக்கொள்வாள். வீடு வருவதற்குள் அம்மாவும் தூங்கியிருப்பாள், அவள் பக்கத்தில் பம்பரமும் தூங்கியிருப்பான். அப்பா அவனை அலுங்காமல் தூக்கிவந்து கட்டிலில் போடுவார். பிறகு மதியம் வரை வீட்டில் ஈ பறக்கும் சத்தம் மட்டும்தான்.

ஆனால் பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் கொட்டுகிற மழையில் நடுவழியில் நின்றுவிட்டாள். அம்மா நனைந்துகொண்டே வேலைக்கு நடந்து போனாள். அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார். பெரியம்மா தெருக்கோடி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். வீட்டு வாசலுக்குச் சின்னதாக ஒரு புதுக் கார் வந்தது.

புதுக் காரைக் குறை சொல்ல முடியாது. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். ஓடுவதே கேட்காது. ஆனால் பின்னால் பம்பரத்தின் குழந்தை இருக்கையும் கடுகும் போக இடமில்லை. அம்மா முன்னால் உட்கார்ந்து தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பம்பரம் தன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுத வந்தவன்போல் கண்ணை அகல விழித்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக் கட்டிலில் அம்மா பக்கத்தில் படுக்கவைத்தாலும் பலனில்லை. அம்மாவை ஏறி மிதித்து இந்தப் பக்கம் இறங்குவான், அந்தப் பக்கம் ஏறுவான். அவனுக்குக் கட்டில் என்றால் விளையாட்டு மைதானம்.

கடுகு யோசித்தாள். பள்ளி விடுமுறை என்பதால் யோசிக்க நேரம் நிறைய இருந்தது.

'பெரியம்மா போட்ட சத்தத்தில்தான் அவன் தூங்கியிருப்பான்' என்று தோன்றியது. ஒரு தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாள். தொண்டையைக் கரகரவென்று உறுமவைத்தாள். நடுநடுவே பெரியம்மாவைப்போல் இருமினாள்.

பம்பரம் கைதட்டிச் சிரித்தான். "இன்னும், இன்னும்!" என்றான்.

உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னடி பண்றே?"

"வண்டி ஓட்டுறேம்மா."

"கொஞ்சம் நிறுத்தேன்டி, கண்ணு."

அதற்கு மேல் அம்மாவுக்குப் பேசத் தெம்பில்லை. பம்பரம் டப்பாவைப் பிடுங்கித் தரையில் கொட்டினான். ஆணிகளைப் பொறுக்கவே கடுகுக்கு அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி. ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஒரே கட்டிலுக்கு ரெண்டு தடவை போயி காய்ச்சல் பாத்திருக்கேன். பக்கத்துக் கட்டில்ல இருந்த பாட்டியை விட்டுட்டேன். கூட இருந்த நர்ஸ் பாத்துச் சொன்னாங்க. அவங்க சொல்லலேன்னா?"

கடுகு குனிந்து அம்மாவின் செருப்பைக் கழற்றிவிட்டாள். உப்புக் காபி சிரிப்பு சமாசாரம். இது அப்படியில்லை. அம்மா இன்றைக்காவது தூங்கியே ஆகவேண்டும்.

"அம்மா, நான் மெக்கானிக் மாமா ஷெட்டு வரைக்கும் போயிட்டு வரேன். பெரியம்மா எப்படிச் சத்தம் போடுவான்னு சரியாக் கேட்டுட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா" என்றாள் அம்மா. பம்பரம் அதற்குள் அவள் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

ஷெட்டின் மூலையில் பெரியம்மா நின்றிருந்தாள். பின் கதவு திறந்திருந்தது. கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸ் படிந்த கால்கள்.

"மாமா! மெக்கானிக் மாமா!"

கால்கள் அசைந்தன. மெக்கானிக் கண்ணைக் கசக்கியபடி எழுந்து உட்கார்ந்தார். "தூங்கல பாப்பா. சும்மா வண்டியைப் பரிசோதிச்சுட்டு இருந்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"கேள்வி கேக்காதே. என்ன வேணும்?"

"பெரியம்மாவை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க மாமா. சத்தம் கேக்கணும்."

"எதை ஸ்டார்ட் பண்றது? எஞ்சினைக் கழட்டி மூணு நாளாச்சு. இப்போ இதுக்குள்ள கேக்கிற ஒரே சத்தம் என் குறட்டைதான்."

கடுகு முன்பக்கம் போய்ப் பார்த்தாள். எஞ்சின் இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பியவள் சட்டென்று நின்றாள்.

"அப்போ நீங்க எஞ்சின் சத்தமே இல்லாமத் தூங்கினீங்களா?"

"அதான் சொல்றேனே. வீட்டுல பஞ்சு மெத்தையில படுத்தா முதுகு வலிக்குது. இந்த சீட்டுல சாய்ஞ்சா அப்படியே உள்ள வாங்கிக்குது. எத்தனையோ வண்டி வந்துச்சு, போச்சு. இந்த மாதிரி சீட்டு எவனும் பண்ணல."

"மாமா, அந்த சீட்டு எங்களுக்கு வேணும்."

மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. "கேட்டது கேட்டே, வேற எதையாவது கேளேன். ஸ்டியரிங் வேணுமா? ஹார்ன்?"

கடுகு நடந்ததையெல்லாம் சொன்னாள். உப்புக் காபி, ஆணி டப்பா, அம்மா விட்டுவிட்ட அந்தக் கட்டில், எல்லாவற்றையும். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பின் சீட்டைத் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

அவரைப் பார்க்கவும் கடுகுக்குப் பாவமாக இருந்தது. அவர் முதுகும் முதுகுதானே? அவள் காரைச் சுற்றி வந்தாள்.

"மாமா, முன்னாடியும் இதே மாதிரி சோபாதானே? ஸ்டியரிங்கைக் கழட்டிட்டா நீங்க தாராளமாக் காலை நீட்டலாமே."

மெக்கானிக் முன் சீட்டை எட்டிப் பார்த்தார். ஒருமுறை படுத்தும் பார்த்தார். "இத்தனை நாளா இது எனக்குத் தோணவே இல்லையே!" என்றபடி ஸ்பேனரை எடுத்தார்.

பெரியம்மாவின் பின் சீட்டு தள்ளுவண்டியில் ஊர்வலம் வந்தது. மெக்கானிக் தள்ளினார். கடுகு முன்னால் நடந்து, "வழி, வழி" என்று கத்தினாள். வீட்டுக் கூடத்தில் சீட்டைத் தரையில் போட்டு, முதுகுப் பகுதியைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துவைத்தார்கள்.

பம்பரம் பார்த்தான். "பீப்பீ!" என்று கத்தியபடி ஓடிவந்து ஏறினான். ஏறிக் குதித்தான். இறங்கினான். மறுபடி ஏறிக் குதித்தான்.

கடுகுக்கு உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. "இதுவும் போச்சா" என்று முனகினாள்.

சத்தம் கேட்டு அம்மா அறையிலிருந்து வந்தாள். சீட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். திட்டக்கூட முடியாத களைப்பு.

"இது எங்கேர்ந்துடி? சரி, ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தாள். உடம்பு தானாகவே பழைய ஓரத்துக்கு நகர்ந்தது. அவள் தலை வைத்து வைத்துப் பள்ளம் விழுந்த இடம் அங்கேதான் இருந்தது. காலை நீட்டினாள். அவ்வளவுதான், கண் செருகிவிட்டது.

பம்பரம் குதிப்பதை நிறுத்தினான். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். மெல்லத் தவழ்ந்து, அம்மாவுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் புகுந்து, கட்டை விரலை வாயில் வைத்தான். இரண்டு தடவை சப்பினான். மூன்றாவது தடவை இல்லை.

அவனுக்குச் சீட்டு மட்டும் போதாது, அம்மா மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று கடுகுக்கு அப்போதுதான் புரிந்தது. மெக்கானிக் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார்.

மதியம் அப்பா சாப்பிட வந்தார். புதுக் கார் வந்து நின்றது யாருக்கும் கேட்கவில்லை. சத்தம் போடாததால் அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது. கூடத்தில் அம்மாவும் பம்பரமும் வாய் பிளந்து தூங்குவதைப் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பெரியம்மா வந்துட்டா" என்று கடுகு கிசுகிசுத்தாள். மெதுவாக அம்மாவின் பாதங்களைத் தூக்கி, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க இடம்?" அப்பாவும் கிசுகிசுத்தார்.

"நீங்கதான் டிரைவர். முன்னாடி உக்காருங்க."

அப்பா சட்டைக்கையை மடித்துவிட்டு, சீட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். இல்லாத ஸ்டியரிங்கை ஒருமுறை திருப்பினார். அப்புறம் கை தொய்ந்தது, தலையும் தொங்கியது.

டிரைவரே தூங்கிவிட்டார். பரவாயில்லை, வண்டி எங்கேயும் போகப்போவதில்லை என்று கடுகும் கண்ணை மூடிக்கொண்டாள்.