முப்பத்தொன்றாம் பெட்டியின் இரண்டாம் கண்

2064 மார்ச் 11, செவ்வாய்.

இன்றைய பிழை: 31ஆம் பெட்டியின் பிடிப்பானில் உள்தாடையையும் வெளித்தாடையையும் மாற்றி எழுதிவிட்டேன். போன வாரம் வண்ணம் அடித்தவர்கள் பெட்டியின் எண்ணை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். எண் இருக்கும் பக்கம்தான் உள்பக்கம் என்று நானாக வைத்திருந்த கணக்கு அதனால் தவறிவிட்டது. வேலை முடிந்து பேருந்தில் உட்கார்ந்தபோது, கொட்டகையில் நின்ற பெட்டிகளில் 31இன் எண் மட்டும் ஜன்னல் வழியே தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. தேய்மானம் 2.6 மில்லிமீட்டர். உள்தாடை என்றால் ஓடலாம். வெளித்தாடை என்றால் கூடாது. நாளைய வேலை: 31ஐ முதலில் அளக்க வேண்டும்.

நிறைமதி இதை முடிவேட்டில் எழுதி அனுப்பியபோது சேந்தமங்கலம் மாலைக் கல்லூரியில் இடைவேளை மணி அடித்தது.

முடிவேடு என்பது அந்த வகுப்பின் வீட்டுப்பாடம். அன்று என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம், எவ்வளவு உறுதியாக இருந்தோம், எங்கே சறுக்கினோம் என்று தினமும் எழுத வேண்டும். தொழில்நுட்பத் தர முறைமைப் பட்டயப் படிப்பு அது. படிப்பவர்கள் இருபத்து மூன்று பேர். குடிநீர் ஏற்றும் நிலையம், ஆக்சிஜன் ஆலை, பாலம் கட்டும் நிறுவனம் என்று ஆளுக்கொரு இடத்தில் பகலெல்லாம் எதையாவது சோதித்துவிட்டு வருகிறவர்கள். பெரும்பாலோர் முடிவேட்டில் நான்கு வரி எழுதி முடித்துவிடுவார்கள். நிறைமதி மூன்று பக்கம் எழுதுவாள்.

“அவ்வளவும் தப்பா செஞ்சே?” என்று பக்கத்து இருக்கைப் பரணி கேட்பான்.

“இல்ல. சரியா செஞ்சதுல எதெது தப்பா இருக்கலாம்னு எழுதினேன்.”

“உனக்குக் கல்யாணம் ஆனா மாப்பிள்ளை பாவம்.”

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவள் கொல்லிமலை அடிவாரத்தில் வடஊர்தி நிலையத்தில் இருந்தாள். காரவள்ளியிலிருந்து செம்மேடு வரை கம்பிவடத்தில் நாற்பத்தெட்டுப் பெட்டிகள் ஓடின. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன காலம் போய், மலைக்காரர்கள் மிளகையும் அன்னாசியையும் மடியில் வைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியையும் வடத்தோடு சேர்த்துக் கவ்விக்கொண்டிருப்பது ஒரு பிடிப்பான். அதற்கு இரண்டு தாடைகள். கோபுரச் சக்கரங்களைத் தாண்டும்போது வெளித்தாடையில்தான் பாரம் விழும். அதனால் உள்தாடை மூன்று மில்லிமீட்டர் வரை தேயலாம், வெளித்தாடை இரண்டுக்கு மேல் தேயக்கூடாது.

தினமும் முதல் நடைக்கு முன்னால் அத்தனை பிடிப்பான்களையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் இணைகண் முறை. முதல் கண் நேரில் தொட்டு அளக்கும். அளவும் படமும் எங்கோ இருக்கும் இரண்டாம் கண்ணுக்குப் போகும். முதலாமவர் என்ன தீர்ப்பு எழுதினார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது. இரண்டாமவர் யார் என்று முதலாமவருக்குத் தெரியாது. இருவரும் பச்சை அல்லது சிவப்பு போட்டு, நூற்றுக்கு எவ்வளவு உறுதி என்று ஓர் எண்ணும் இடுவார்கள். நிறங்கள் ஒத்துப்போனால் சரி. மாறினால் உறுதி எண் கூடியவர் சொன்னதே அன்று மாலை வரை நிற்கும்.

நிறைமதிக்கு மூன்று ஆண்டுகளாக இரண்டாம் கண் ‘இ-7’. ஒரு நாளும் நிறம் மாறியதில்லை. யாரோ நாற்பது வயதுப் பெண், கண்ணாடி போட்டவள், அவசரப்படாதவள் என்று அவளாகவே ஓர் உருவத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். முடிவேட்டில் ‘அக்கா’ என்றே எழுதுவாள். “இன்று 12ஆம் பெட்டியில் தடுமாறினேன். அக்காவும் பச்சை போட்டதைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது” என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

அன்று அவள் எண்ணைப் பார்க்காமல், பிடிப்பானின் கையில் வெட்டியிருந்த அடையாளக் குழியைத் தடவிப் பார்த்து அளந்தாள். வெளித்தாடைதான். 2.6. சிவப்பு போட்டாள். உறுதி எண் 80. அவள் எண்பதைத் தாண்டியதே இல்லை. மீதி இருபது தனக்குத் தெரியாதவற்றுக்கு என்பது அவள் வழக்கம்.

அக்காவிடமிருந்து பச்சை வந்தது. உறுதி 97.

ஆறேகாலுக்கு வடம் நகர்ந்தது. பதினொரு பேரோடு 31ஆம் பெட்டி மேலே போயிற்று.

நிறைமதிக்கு முதலில் தோன்றியது தன் மேல் சந்தேகம்தான். அக்கா தொண்ணூற்றேழு போடுகிறாள் என்றால் தான் எதையோ பார்க்கவில்லை. பணிமனையில் இருந்த மெக்கானிக் செங்கோடனிடம் ஓடினாள். அவர் பிடிப்பானின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“வெளித்தாடைதான். குழி பளிச்சுனு தெரியுதே. இதுல என்ன சந்தேகம் அம்மிணி?”

“அப்போ கீழ வந்ததும் கழட்டிருங்கண்ணா.”

“அதெப்படி? தீர்ப்பு பச்சைல நிக்குது. பச்சைல இருக்கற பொட்டிக்குக் கொட்டகைக் கதவு தொறக்காது. நான் என்ன கடப்பாரை போட்டா நெம்ப முடியும்?”

அக்கா ஏன் பச்சை போட்டாள் என்று அறிய ஒரு வழி இருந்தது. முந்தின நாள் தாளில் பிழை செய்ததாக ஒப்புக்கொண்டு திருத்தம் கேட்டால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த நாளின் இரண்டாம் கண் தாளும் திறக்கும். மற்ற நேரங்களில் அது முத்திரையிட்டுக் கிடக்கும். மூன்று ஆண்டுகளில் யாரும் திருத்தம் கேட்டதில்லை. பிழையை ஒப்புக்கொண்டால் தேர்ச்சிப் புள்ளி குறையும் என்பதால் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. நிறைமதி கேட்டாள். தாள் திறந்தது. அதில் இ-7இன் காரணம் இரண்டே வரி:

“எண் எழுதிய பக்கம் உள்பக்கம். உள்தாடையில் தூங்குமூஞ்சித் தேய்மானம், 2.6. ஓடலாம்.”

அவள் அதை நான்கு முறை படித்தாள். எண்ணை வைத்துப் பக்கம் சொல்லும் குறுக்குவழி அவளுடையது. அதுகூடத் தற்செயலாக இன்னொருவருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் தாடையின் ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்வதற்குத் தூங்குமூஞ்சித் தேய்மானம் என்று பெயர் வைத்தது அவள்தான். யாரிடமும் சொன்னதில்லை. எந்தத் தாளிலும் எழுதியதில்லை, முடிவேட்டைத் தவிர.

தரப்பிரிவுத் தலைவி கோகிலவாணியின் அறை மாடியில் இருந்தது. மாலை வகுப்பையும் அவர்தான் நடத்தினார். நிறைமதியை வேலைக்கு எடுத்தவர், கட்டணத்தைப் பாதியாக்கி வகுப்பில் சேர்த்தவர்.

“மேடம், இ-7 யாருங்க?”

“அதைச் சொல்லக்கூடாதுன்னு நீ பரீட்சையிலயே எழுதியிருக்கே கண்ணு. தெரிஞ்சா ரெண்டு கண்ணு ஒரு கண்ணாயிடும்.”

“இப்பவே ஒண்ணுதானுங்களே. தூங்குமூஞ்சித் தேய்மானம்னு எழுதியிருக்குதுங்க.”

கோகிலவாணி டீ டம்ளரைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. அதுதான் நிறைமதிக்கு அதிகம் வலித்தது.

“உக்காரு. காலைல அஞ்சரை மணிக்கு நாப்பத்தெட்டுப் படத்தைப் பார்க்க ஆள் கிடைக்கறதில்ல. இருந்த ஒருத்தரும் மூணு வருசத்துக்கு முன்னாடி விட்டுட்டுப் போயிட்டாரு. உன் முடிவேட்டைப் படிச்சேன். நீ யோசிக்கறது ஒவ்வொரு படியா அதுல இருந்துச்சு. அதை வெச்சு எந்திரத்துல ஒரு கண்ணு செஞ்சோம். நீ எழுதறதை வாரம் ஒருதரம் சேர்க்கச் சேர்க்க அதுவும் தேறிட்டே வந்துச்சு. உன்னை மாதிரி இன்னொருத்தி வேணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?”

“மதிப்பெண் போட்டதும் முடிவேட்டை அழிச்சிருவோம்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“மூணு வருசமா நான் பார்த்ததை நானே சரின்னு சொல்லிட்டிருந்திருக்கேன். யாரும் என்னைச் சரிபார்க்கலே.”

“ஒண்ணும் ஆகலையே கண்ணு?”

நிறைமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் கோபுரத்தைத் தாண்டிப் பெட்டிகள் வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தன. அவளுக்கு இன்னொன்றும் புரியவில்லை.

“நான் எண்பதுக்கு மேல போட்டதே இல்லீங்க. அது நான்தான்னா, தொண்ணூத்தேழு எப்படிப் போட்டுச்சு?”

“முதல்ல உன்னை அப்படியேதான் வெச்சோம். தினமும் பத்துப் பொட்டிய நிறுத்திருச்சு. வேலைக்கு ஆகல. அதனால அந்தச் சந்தேகத்தை மட்டும் எடுத்துட்டோம்.” அரிசியில் கல் பொறுக்கியதைச் சொல்வது போல இயல்பாகச் சொன்னார். “நல்லா வந்துச்சுன்னு மத்த நிறுவனங்களும் கேட்டாங்க. உன் வகுப்புல மத்த இருபத்திரண்டு பேருக்கும் இப்போ அவங்கவங்க முடிவேடுதான் ரெண்டாம் கண்ணு.”

“31ஐ நிறுத்துங்க மேடம். எண்ணைப் பார்க்காம குழியைத் தடவிப் பார்த்தேனுங்க, வெளித்தாடை அது. செங்கோடண்ணனும் பார்த்தாரு.”

“சந்தை நாளு இன்னைக்கு. தீர்ப்பை நான் மாத்தினா ஏன்னு கேட்பாங்க. எல்லாம் வெளிய வரும். சாயங்காலம் பார்த்துக்கலாம், ஒரு அரை மில்லிமீட்டர்தானே.” பிறகு, கோபமில்லாமலே, “நீ நூறுன்னு போட்டிருந்தா அந்தப் பொட்டி தானா நின்னிருக்கும். நீ போடலையே” என்றார்.

நிறைமதி எழுந்தாள். சோதகருக்குக் காய்ச்சல், கண்வலி என்றால் அன்றைய கையொப்பங்களைத் திரும்பப் பெற விதியில் ஒரு படிவம் இருந்தது. அதற்கு இரண்டாம் கண்ணின் ஒப்புதல் தேவையில்லை. ஒரு பெட்டிக்கு மட்டும் பெற முடியாது, நாற்பத்தெட்டுக்கும் சேர்த்துத்தான். பெற்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒற்றைக் கையொப்பமே மிஞ்சும். வடம் நின்றாக வேண்டும். படிவத்தில் இருந்த வாசகம் ஒன்றே ஒன்று: “இன்று என் பார்வையில் எனக்கு நம்பிக்கை இல்லை.”

“அதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் எங்கயும் நீ சோதகரா நிக்க முடியாது. பட்டயமும் போயிரும்” என்றார் கோகிலவாணி. “யோசிச்சுக்க. யோசிக்கறதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே.”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பற்றி நூறு விழுக்காடு உறுதியாக இருந்தபோது, நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் நிறைமதி.

வடம் மெதுஓட்டத்துக்கு மாறியது. பெட்டிகளில் இருப்பவர்களை நிலையம் சேர்த்துவிட்டு நிற்பதற்கான வேகம் அது. 31 மலையுச்சியைச் சுற்றிக்கொண்டு அன்னாசிக் கூடைகளோடு இறங்கத் தொடங்கியிருந்தது. நாற்பது நிமிடம். நிறைமதியும் செங்கோடனும் நடைமேடையில் நின்றார்கள். ஒவ்வொரு கோபுரத்தையும் பெட்டி தாண்டும்போது ஒரு முறை குலுங்கும். செங்கோடன் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார்.

கடைசிக் கோபுரம் தாண்டியது. பெட்டி வந்து நின்றது. முதலில் இறங்கிய அம்மாள் நேராக நிறைமதியிடம் வந்தாள்.

“ஏனுங், இப்படி ஆமை மாதிரி ஓட்டினா சந்தை கலைஞ்சு போகாதா? பழத்தை நீங்களா வாங்கிக்குவீங்க?”

“மன்னிச்சுக்குங்க” என்றாள் நிறைமதி.

தீர்ப்பே இல்லாத பெட்டி என்பதால் கொட்டகைக் கதவு இப்போது திறந்தது. செங்கோடன் பிடிப்பானைக் கழற்றித் துடைத்தார். வெளித்தாடையின் அடியில் ஒரு விரிசல், கட்டைவிரல் நகத்தின் நீளம்.

“ரெண்டு நாள் தாங்கியிருக்கும். இல்லாட்டி ரெண்டு நடை. சொல்ல முடியாதும்மா” என்றார்.

பிற்பகலில் விசாரணை அறிக்கை வந்தது. இணைகண் முறையின் விதிப்படியே, ஒப்புக்கொண்ட பிழைகளின் எண்ணிக்கையை வைத்து முறைமை அதைத் தானே எழுதியிருந்தது. முதல் கண்: பிழை ஒன்று, நம்பிக்கையின்மை அறிவிப்பு நாற்பத்தெட்டு. இரண்டாம் கண்: ஒப்புக்கொண்ட பிழை எதுவுமில்லை. பரிந்துரை: முதல் கண்ணை மாற்றுக. இ-7ஐத் தொடர்க.

நிறைமதி அடையாள அட்டையை ஒப்படைக்கப் போனபோது கோகிலவாணி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இன்னைக்கு முடிவேடு எழுதிருவே இல்ல?” என்றார். “எண்ணைப் பார்க்காம குழியைத் தடவிப் பார்த்தேன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் விவரமா எழுது கண்ணு. அதையும் சேர்த்துட்டா இனிமே அது இந்தத் தப்பைச் செய்யாது.”

நிறைமதி அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்துக் கடையில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். நிழற்குடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் தேதி எழுதினாள்.

2064 மார்ச் 12, புதன்.

இன்றைய பிழை: மதிப்பெண் போட்டதும் அழித்துவிடுவோம் என்று சொன்னதை நம்பினேன். இன்று வகுப்புக்குப் போகவில்லை. நாளை போக வேண்டும், உள்ளே விட்டால். மற்ற இருபத்திரண்டு பேரும் தங்கள் இரண்டாம் கண்ணின் தாளைத் திறந்து பார்க்க வேண்டும். அது திறக்க அவரவர் முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நாளைய வேலை: மாலை ஆறரை மணி. ஒவ்வொருவரிடமும் ஒரு பிழை கேட்க வேண்டும்.