மலைக்கு ஒரு பங்கு

நகரத்துக்கு வெளியே, சியாகுல்லிப் பழத்தோட்டங்களுக்கு மேலே, கூரை பாதி இறங்கிப்போன ஒரு பழைய கல்வீட்டின் முன்னால் கிரிசாந் காரை நிறுத்தியபோது காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மலையிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. விழுந்து அழுகிய மன்டரின் தோடம்பழங்கள் இனிப்பும் புளிப்புமாக நாறின. அந்த நாற்றத்துக்குள் ஈரமான மிருகத்தின் வாடை ஒன்றும் கலந்திருந்தது.

அவன் மனைவி கேசிகாவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. பணக்காரர் காசைக் கொட்டிப் போகிற பன்றி வேட்டை நமக்கு எதற்கு என்று ஒரு கிழமையாகக் கேட்டுப் பார்த்தாள். ஆசை யாரை விட்டது? கிரிசாந் வேலை செய்யும் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுது தள்ளிவிட்டன. சுடுவதற்கு அனுமதி வைத்திருந்த காவல்காரன் நீனோவுக்கு, தகரம் தட்டிப் பன்றி கலைக்க ஆள் வேண்டும். ஆள் போனால் ஒரு கால் அவனுக்கு, மிச்ச இறைச்சி நமக்கு. இதைவிட மலிவாக ஒரு குடும்பச் சுற்றுலா எங்கே கிடைக்கும் என்றான் கிரிசாந். கேசிகாவின் தம்பி ஸ்ரான்லியும் ஒத்து ஊதினான். கீழ்வீட்டு நாகபூசணி அக்கா தன் காரை இரவல் தந்து, அதற்கு ஒரு பங்கு இறைச்சியும் கேட்டு வைத்தாள்.

ஆறு வயது மகள் அபிதாவை விட்டுவிட்டு வர ஆளில்லை. பிள்ளையை ஒரு கீறலும் படாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கேசிகாவுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. பிள்ளையைக் காருக்குள் இருத்தி, கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டினாள்.

வேட்டை சீக்கிரம் முடிந்தது, ஆனால் சுத்தமாக முடியவில்லை. நீனோவின் முதல் வெடி பன்றியின் வயிற்றைக் கிழித்தது. அது குடலை இழுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் மோதி ஓடியது. அதன் அலறல் பெண்ணொருத்தியின் அலறல் போலவே இருந்தது. இரண்டாவது வெடி தாடையைப் பிய்த்தது. அப்போதும் அது சாகவில்லை. ஸ்ரான்லி கடப்பாரையால் மண்டையில் அடித்தான். அது அடங்கிய பிறகும் வெறி பிடித்தவன் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தான்.

“காணும்டா! விடு!” என்று கேசிகா கத்தினாள்.

நீனோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். ஒரு பின்னங்காலை மட்டும் வெட்டி எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் இறங்கிப் போனான். அவனோடு துவக்கும் போனது.

கிரிசாந் இறைச்சியைப் பழப்பெட்டிகளின் மேல் மூன்று கும்பலாக வைத்தான். தன் வீட்டுக்கு, ஸ்ரான்லிக்கு, இரவல் காருக்கு. பிறகு மனக்கசப்பு வரக்கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஈரலில் ஒரே அளவு துண்டு வைத்தான். எது யாருக்கு என்பதைப் பங்கு இறைச்சியில் வழமையாகச் செய்கிற மாதிரித் தீர்த்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். மற்றவர் ஒரு கும்பலைச் சுட்டிக் கேட்பார். நிற்பவர் வாயில் வருகிற பெயர்தான் தீர்ப்பு, அதற்குமேல் பேச்சில்லை.

கேசிகா திரும்பி நின்றாள். கிரிசாந் கேட்டான்.

“இது ஆருக்கு?”

“ஸ்ரான்லிக்கு.”

“இது ஆருக்கு?”

“பூசணி அக்காவுக்கு.”

“இது ஆருக்கு?”

“எங்களுக்கு.”

முடிந்தது என்று கையைத் துடைத்தாள். பனி மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்தது. எங்கோ தண்ணீர் சத்தம் கேட்டது.

“இது ஆருக்கு?”

கிரிசாந்தின் குரல்தான். கொஞ்சம் ஈரமாக, தொண்டையில் ஏதோ நிறைந்திருந்த மாதிரி. எலும்பையோ கொழுப்பையோ காட்டிப் பகிடி விடுகிறான் என்று நினைத்தாள்.

“அதை மலைக்குக் குடுங்கோ!” என்று சிரித்தாள்.

திரும்பினாள்.

மூன்று கும்பல்கள்தான் இருந்தன. கிரிசாந் தூரத்தில், கிணற்றடியில் கத்தி கழுவிக்கொண்டிருந்தான். பெட்டிகளுக்கு அருகே ஸ்ரான்லி குனிந்து பை கட்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஆரோடை கதைக்கிறாய்?”

காருக்குள்ளிருந்து அபிதா கண்ணாடியில் தட்டினாள். கேசிகா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“மம்மா, அது பப்பா இல்லை,” என்று பிள்ளை கிசுகிசுத்தது. “மாமாவைக் காட்டிக் கேட்டது.”

பனிக்குள் ஒரு உறுமல் எழுந்தது.

கறுப்பாக, கார் உயரத்துக்கு, ஒன்று வந்தது. ஸ்ரான்லியின் தொடையைக் கோரைப்பல்லால் இடுப்புவரை கிழித்தது. அவன் அலறியபடி விழுந்தான். கேசிகா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். அது அவனை மறுபக்கம் இழுத்தது. தோள்மூட்டு கழன்ற சத்தம் அவளுக்குக் கேட்டது. கையோ இரத்தத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

“விடாதை அக்கா!”

பின்னால் பிள்ளை வீரிட்டது. கேசிகாவின் விரல்கள் ஒரு நொடி தளர்ந்தன.

அவ்வளவுதான்.

கிரிசாந் கத்தியோடு பனிக்குள் ஓடினான். திரும்பி வந்தபோது கத்தி இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

“எங்கை அவன்? கதையுங்கோவன்!”

“அவனைப் பங்கு போட்டுக் கிடக்கு,” என்றான் மெதுவாக. “மூண்டு கும்பல். ஈரலும் வைச்சுக் கிடக்கு.”

இறைச்சியை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறினார்கள். தன்னுடைய வாய்தான் தம்பியைக் கொடுத்தது என்பது கேசிகாவுக்குப் புரிந்துவிட்டது. அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. பின்சீட்டில் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். மலைப்பாதையில் கார் குதித்துக் குதித்து இறங்கியது.

மிருக வாடை வந்தது.

காருக்குள்ளிருந்து.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது. மண் அப்பிய, நகமில்லாத விரல். அது அபிதாவின் உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது.

“இது ஆருக்கு?”

கண்ணாடியில் கிரிசாந்தின் உதடுகள் மூடியே இருந்தன. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

கேசிகா மூச்சை அடக்கினாள். பதில் சொல்லாவிட்டால் போய்விடுமா? விரல் இன்னும் தாழ்ந்தது. பிள்ளையின் முடி அசைந்தது.

“எனக்கு!” என்று அலறினாள். “இது எனக்கு! என்ரை பங்கு! ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்!”

விரல் மறைந்தது. வாடையும் போனது. கீழே சூரிய வெளிச்சத்தில் நகரம் தெரிந்தது.

அல்பெர்கேரியாப் பகுதியில் தங்கள் வீட்டுப் படிகளில் அவர்கள் ஏறும்போது பல்லரோச் சந்தையில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார்கள். கிரிசாந் பொலிசுக்குச் சொல்ல வெளியே போனான். கேசிகா பிள்ளையைச் சுடுதண்ணீரில் குளிக்கவார்த்தாள். கை, கால், முதுகு என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. தம்பி போன துக்கத்துக்கு நடுவிலும் நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை தப்பிவிட்டது.

துவாயில் சுற்றி மடியில் வைத்து, கழுத்தில் முகம் புதைத்து, விம்மி விம்மி அழுதாள். பிள்ளையின் தோல் சூடாக, மெத்தென்று இருந்தது.

“மம்மா, நோகுது,” என்றாள் அபிதா. “கடிக்காதேங்கோ.”

கேசிகா வாயை எடுக்கப் பார்த்தாள்.

எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.