இடது காதுக்கானது

அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "கனெக்டட்" என்றது.

ஸும்ரா அடுப்படியில் குந்தியிருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி பிடித்த கை அப்படியே நின்றது. அஸர் தொழுகைக்குப் பிந்திய மஞ்சள் வெயில், சூடு ஆறும்போது கூரைத் தகடு போடும் டக் டக் சத்தம், பின்பக்கத்துக் கடல், கருவாட்டுப் பந்தலிலிருந்து வரும் உப்பும் கவிச்சியும் கலந்த மணம் எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. மாமியார் சித்தி மரியம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் இவளைத் தவிர வேறு ஆளில்லை. அந்தக் குரலும் ஆளின் குரல் இல்லை. அது இயர்போனுக்குள் பதிந்து வைத்த குரல். தனக்குரிய ஃபோன் பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியும்போது மட்டும்தான் அது வாய் திறக்கும்.

அந்த ஃபோன் அவள் புருஷன் ஃபாஹிமின் சட்டைப் பையில் இருந்தது. ஃபாஹிம் கடலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

பிரமை என்று ஸும்ரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த இயர்போனுக்கு அவள் சார்ஜ் ஏற்றியதே இல்லை. அவன் போன நாளில் துணிகளுக்கு அடியில் செருகி வைத்தவள், அதற்குப் பிறகு அந்தத் தட்டின் பக்கமே கையை நீட்டவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுடைய நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இரவும் பகலும் இடித்துக்கொண்டிருந்தது.

கடைக்குப் போன நாளிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். ஃபாஹிம் பாட்டுக் கேட்கிறவன் இல்லை. ஆனால் கற்பிட்டிக் கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஃபோனில் சிக்னல் கோடு விழுந்துவிடும், ரேடியோ மட்டும்தான் வரும். ஃபோனிலுள்ள ரேடியோவுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீயின் வயர்தான் ஏரியல். வயரைச் செருகாவிட்டால் ரேடியோ திறக்காது. ஆகவே தனியாக வள்ளமோட்டுகிற ஃபாஹிம், வயரைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு மாலைச் செய்தியையும் கடல் அறிக்கையையும் தவறாமல் கேட்பான். உப்புக் காற்றில் அந்த வயர் பச்சை பிடித்து ஒருநாள் செத்துப்போனது.

"நீ டவுனுக்குப் போறதானே புள்ள? வயர் வச்ச ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒண்டு பாத்து எடுத்துட்டு வா. ஆகப் பெரிசு ஒண்டும் தேவையில்ல, வயர் இருந்தாச் சரி" என்றான்.

புத்தளத்தில் மீரா முகைதீன் நானாவின் கடை குளிரூட்டிய கடை. சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒரே பறவை பறந்துகொண்டிருந்தது. நெஞ்சளவு உயரத்தில் கலியாண வீட்டு ஸ்பீக்கர்கள், வெளிச்சம் மின்னும் சின்ன ஸ்பீக்கர்கள், டிவிக்குக் கீழே வைக்கிற நீட்டு ஸ்பீக்கர்கள். வயர் வைத்த ஹேண்ட்ஸ்ஃப்ரீகள் வாசலோரக் கம்பியில் பாம்புச் சட்டை மாதிரித் தொங்கின. ஸும்ரா அவற்றில் ஒன்றைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் கண்டாள். வெள்ளை நிறச் சிறு டப்பா, திறந்தால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முத்துகள், மூடினால் 'டிக்'. ஆசை வெட்கமறியாது. ஆசைக்குக் கடலும் தெரியாது, காற்றும் தெரியாது.

"வீட்டுக்கா, கடலுக்கா?" என்று மீரா முகைதீன் நானா கேட்டார். கற்பிட்டியிலிருந்து வருகிறவர்களிடம் அவர் அதைக் கேட்காமல் எதையும் விற்பதில்லை.

"வீட்டுக்குத்தான் நானா."

"அப்ப நல்ல சாமான். ஃபோன் முப்பது அடிக்குள்ள இருக்கணும், நடுவுல செவர் வந்தா இன்னும் குறையும், சத்தம் வெட்டி வெட்டி வரும். கிட்ட வரவரத் தெளிவாக் கேக்கும். ஆனா ரேடியோ மட்டும் இதுல எடுக்காது மகள். ஊட்டுக்காரருக்குச் சரிவராட்டிக் கொண்டு வாங்க, மாத்தித் தாரன்."

ஃபாஹிம் அதைப் பார்த்துவிட்டுக் கோபிக்கவில்லை, சிரித்தான். "இத வச்சு நான் மீனோட கதைக்கவா? மாத்திட்டு வா" என்றான். அவள் மறுநாள் பஸ்ஸேறிப் பாலாவி வரைக்கும் போய், அங்கே கூடப் பிறந்த ராத்தா வீட்டில் பகல் முழுக்க இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தெறந்த சாமான மாத்த மாட்டாராம்."

இவ்வளவுதான் அவள் சொன்ன பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை, வெங்காயத் தோல் அளவு பொய். அவன் நம்பினான். "சரி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போறப்போ நானே வயர் ஒண்டு எடுக்கிறன்" என்றவன், வலது காதுக்கானதைத் தான் எடுத்துக்கொண்டு இடதை அவளிடம் கொடுத்தான். இரண்டு நாள் அது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. அவன் கரையேறி வீட்டை நெருங்கினால் அவள் காதில் "கனெக்டட்" கேட்கும், அவள் கேத்தலை அடுப்பில் வைப்பாள். மூன்றாம் நாள் புதன்கிழமை. மாலைச் செய்தியில் காற்று வருகிறது, திரும்புங்கள் என்றார்கள். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டு ஹிஸ்புல்லா நானா அழுதுகொண்டே இதைச் சொன்னபோது, சித்தி மரியம் மகனுக்காக அழவில்லை. "எவன் மாத்திக் குடுக்க மாட்டேண்டான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஐந்து நேரமும், தொழுது முடித்துக் கையேந்துகிற போதெல்லாம், மீரா முகைதீனுக்கு மாமி பதுவா கேட்டார். சாபமென்றால் சும்மா சாபமில்லை, பேர் சொல்லி, தகப்பன் பேர் சொல்லி. பக்கத்தில் அமர்ந்து ஸும்ராவும் கையேந்தினாள். ஆமீன் என்று வாயசைத்தாள். போன கிழமை அந்த மனிதருக்கு ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கதை வந்தது. மாமி சந்தோஷத்தில் சீனி போட்டுப் பாலூற்றித் தேத்தண்ணி குடித்தார். அந்தத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்ததும் ஸும்ராதான்.

அவனுடைய ஜனாஸா கரையொதுங்காததால், விதவை இருக்கும் இத்தாவும் அவளுக்கு இல்லை. பொறுங்கள் என்று மௌலவி சொல்லிவிட்டார். புருஷனுக்காக வெள்ளையுடுத்து அறைக்குள் இருந்து அழுகிற உரிமைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் சரியாகப் பட்டது.

"கனெக்டட்."

மறுபடியும். இந்த முறை பிரமை என்று சொல்ல முடியாது.

அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். பூச்சி உருண்டை மணத்தோடு வேறொரு மணமும் வந்தது. கடல் பின்வாங்கிய பிறகு கண்டல் மரத்து வேருக்கடியில் கிடக்கிற சேற்றின் மணம். துணிகள் உலர்ந்துதான் இருந்தன. அடியில் டப்பா மூடியபடியே கிடந்தது. உள்ளே இடது பக்கத்து முத்து குளிர்ந்திருந்தது, ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீனின் கண்ணைப்போல. வேண்டாம் என்று மனம் சொன்னது. கை அதைக் காதில் வைத்தது.

இரைச்சல். வெட்டி வெட்டி ஓர் இரைச்சல். காற்றா, தண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

அவள் முன் வாசல் பக்கம் நடந்தாள். சத்தம் அறுந்தது. அடுப்படிக்கு வந்தாள், கொஞ்சம் கூடியது. பின்கதவருகே வந்தபோது நன்றாகவே கேட்டது. கடைக்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டாள். முப்பது அடி. பின்கதவைத் திறந்து பார்த்தாள். வெறும் மணல், கருவாட்டுப் பந்தல், அதற்கப்பால் அடம்பங்கொடி, அதற்கும் அப்பால் ஆளில்லாத கரை. நண்டுகள்கூட இல்லை. மாலையில் நண்டு ஓடாத மணலை அவள் அங்கே பார்த்ததில்லை.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. ஃபாஹிமின் குரல் இல்லை. செய்தி வாசிக்கிற குரல்.

"...புதன்கிழமை... மாலை... கற்பிட்டி முதல் மன்னார் வரையான கடற்பரப்பில்... மிகப் பலத்த..."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த இயர்போனில் ரேடியோ எடுக்கவும் எடுக்காது.

"...கடலிலுள்ள மீனவர்கள் உடனடியாகக் கரைக்குத் திரும்புமாறு..."

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அசையாமல் நின்றாள். அவள் அசையவில்லை. ஆனால் சத்தம் தெளிந்துகொண்டே வந்தது. அவள் நின்ற இடத்திலேயே நிற்க, ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒருவர் மூச்சிழுத்தார். அந்த மூச்சில் தண்ணீர் குமிழியிட்டது.

முன் வாசலில் செருப்புச் சத்தம். மாமி.

"என்ன மகள், மஹ்ரிபாகப் போகுது, லைட்டப் போடாம நிக்கிற?" மாமி சுவிட்சைத் தட்டினார். கரண்ட் போயிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே லாம்பைக் கொளுத்தினார். பள்ளியில் பாங்கு சொன்னார்கள். ஸும்ரா முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் தொழுகைக்கு நின்றாள். காதிலிருந்ததைக் கழற்ற அவளுக்குப் பயம். கழற்றினால், எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று தெரியாமல் போய்விடும்.

தொழுகையில் எதை ஓதினாள் என்று அவளுக்குத் தெரியாது. கரைக்குத் திரும்புமாறு. கரைக்குத் திரும்புமாறு. குனியும்போதும் அதுதான். நெற்றியைப் பாயில் வைத்தபோதும் அதுதான். பின்பக்கச் சுவருக்கு வெளியே ஈர மணலில் எதையோ இழுப்பது போன்ற சத்தம் மற்றக் காதுக்கும் கேட்டது.

மாமி கையேந்தினார். "யா அல்லாஹ், என்ட புள்ளைக்கு மாத்திக் குடுக்காத அந்த மீரா முகைதீன்ட மத்தப் பக்கத்தையும்..."

"மாமி, கேக்காதீங்க."

"என்ன?"

"அவருக்குக் கேக்காதீங்க. அவர் மாத்தித் தாரன் எண்டுதான் சொன்னவர்." ஸும்ராவின் குரல் அவளுக்கே வேறொருத்தியின் குரலாக இருந்தது. "நான் கடைக்குப் போகவே இல்ல. எனக்கு அது ஆசையா இருந்திச்சு. நான்தான் பொய் சொன்னன் மாமி. நான்தான்."

காதில் செய்தி நின்றது. இரைச்சல் நின்றது. எல்லாம் நின்றது.

மாமி ஏந்திய கையை இறக்கவில்லை. திட்டுவார், அடிப்பார், தலைமயிரைப் பிடிப்பார் என்று ஸும்ரா காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமி கைகளை முகத்தில் தடவிக்கொண்டு, பாயை மெதுவாகச் சுருட்டி வைத்தார்.

பின்கதவு தட்டப்பட்டது.

ஒரு தட்டு. உள்ளங்கையால். ஈரமான உள்ளங்கையால்.

"மாமி, தெறக்காதீங்க."

மாமி லாம்பை எடுத்துக்கொண்டார்.

"மாமி!"

"அவன் எவ்வளவு நேரம் நிப்பான்?" என்றார் சித்தி மரியம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. தாழ்ப்பாளை நீக்கினார்.

சேற்று மணம் வீட்டுக்குள் நிறைந்தது. வாசற்படியில் அவன் நின்றான். லாம்பு வெளிச்சம் இடுப்புக்கு மேலே போகவில்லை, அதற்கு ஸும்ரா அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். இடுப்பில் கட்டிய சாரம் காலில் ஒட்டியிருந்தது. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு வடிந்தும் குறையவில்லை. பிறகு ஒரு கை வெளிச்சத்துக்குள் நீண்டது. தோல் கையுறைபோலத் தளர்ந்து தொங்கிய கை. நகங்கள் இல்லை. விரல் நுனிகளை மீன்கள் தின்றிருந்தன. உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, கடையில் சாமானைத் திருப்பிக் கேட்கிறவர்போல நீட்டிக்கொண்டு நின்றான்.

ஸும்ரா முக்காட்டுக்குள் கையை விட்டுக் காதிலிருந்ததைப் பிடுங்கினாள். வாசற்படி வரை போய், அந்த உள்ளங்கையில் அதை வைத்தாள். பின்வாங்கினாள்.

கை மூடவில்லை. சரிந்து, அதைக் கீழே விழவிட்டது. வாசற்படியில் சின்னதாக ஒரு சத்தம்.

கை மறுபடியும் நீண்டது.

"அதில்ல மகள்" என்றார் மாமி, அவ்வளவு அன்பாக. "அவன் கேக்கிறது அதில்ல."

அவளுடைய முகம் அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று லாம்பை உயர்த்திப் பிடித்தார்.