ஜன்னலைப் பார்த்த கோப்பைகள்

வீட்டில் அவளுக்குச் சூரப்புலி என்று பெயர். பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்று அலறுகிற புலி. பெயர் வைத்தது அப்பா.

அந்தப் புலிதான் இப்போது பழைய சாமான் அறை வாசலில் உறைந்து நின்றது. பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றவில்லை.

காலையில் பலகையில் நிமிர்ந்து நின்ற ஆறு மண் கோப்பைகளும் சாய்ந்திருந்தன. அதுவும் ஒரே பக்கமாக. ஜன்னலுக்கு வெளியே யாரோ மெதுவாகக் கூப்பிட, ஆறும் தலையை நீட்டிக் கேட்பது போல.

வெளியே யாரும் இல்லை. மதில் சுவர் மட்டும்தான்.

"சித்தி..." என்று கூப்பிட்டாள்.

சித்தி வந்து பார்த்தாள். முகம் வாடிப்போனது. "மறுபடியுமா? மூணாவது தடவைடி இது!"

அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, சக்கரமும் சின்னச் சூளையும் வாங்கிப் போட்டு, சித்தி பட்டறை ஆக்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.

"தையல் மிஷின் தூங்குது. கேக் அடுப்பும் தூங்குது. அடுத்தது சக்கரமா?" என்றார் அப்பா.

"நாளைக்குக் கடைசியா ஒரு தடவை செய்யறேன்" என்றாள் சித்தி. "அதுவும் கோணிச்சுன்னா சக்கரத்தை வித்துட்டு வெளியூர் வேலைக்கே போயிடறேன்."

சூரப்புலி சித்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சித்தி போய்விட்டால் யாரைக் கட்டிக்கொண்டு தூங்குவது? வீடு முழுக்கப் பல்லி வேறு!

மறுநாள் விடுமுறை. சித்தி புதிதாக ஆறு கோப்பைகள் செய்து பலகையில் வைத்தாள்.

"நான் காவல் இருக்கேன்" என்றாள் சூரப்புலி.

"நீயா?"

"நானேதான்." கையில் துடைப்பம் இருந்தது. குரலில் கொஞ்சம் நடுக்கமும் இருந்தது.

அறைக்குள் ஈர மண் வாசனை. சத்தமே இல்லை. திடீரென்று திரைச்சீலை உப்பியது, யாரோ மூச்சை இழுத்துவிடுவது போல. நேற்றைய கோப்பை ஒன்று 'டிக்' என்றது. அவளுக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. எதுவும் அசையவும் இல்லை. ஆனாலும் மதியத்துக்குள் ஆறு கோப்பைகளும் ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டன.

"யாரு?" என்று கேட்டாள்.

கோப்பைகள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். புலி அடுத்த தெருவில் இருந்திருக்கும்.

ஓடலாம் என்றுதான் திரும்பினாள். சித்தியின் வாடிய முகம் நினைவுக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கோப்பையைத் தொட்டாள்.

ஜன்னல் பக்கம் காய்ந்திருந்தது. இந்தப் பக்கம் சில்லென்று ஈரம். அடுத்ததைத் தொட்டாள். அதுவும் அப்படியே. ஆறும் அப்படியே!

"சித்தி! காய்ஞ்சா மண் சுருங்கும்னு நீதானே சொன்னே? காத்து படுற பக்கம் முதல்ல காய்ஞ்சு சுருங்குது. அதான் அந்தப் பக்கமா இழுக்குது!"

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "சீக்கிரம் காயட்டும்னு பலகையை ஜன்னல்கிட்ட போட்டதே நான்தாண்டி!"

பலகை மூலைக்குப் போனது. இன்னும் ஆறு கோப்பைகள் செய்து பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். போர்வைக்குள் ஆறு தலைகள் ஒளிந்திருப்பது போலவே இருந்தது. தினமும் இருவரும் தாளைத் தூக்கி, கோப்பைகளைத் திருப்பி வைத்தார்கள்.

நான்காம் நாள் தாளை எடுத்தபோது ஆறும் நேராக நின்றன.

"சக்கரம் விற்பனைக்கு இல்லை" என்றாள் சித்தி, அப்பாவின் காதில் விழும்படி.

பழைய கோணல் கோப்பை ஒன்றைச் சூரப்புலி உடைக்க விடவில்லை. அதுவும் சூளையில் வெந்து வந்தது. அதில் பென்சில்களைப் போட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும்படி படுக்கையறை மேசையில் வைத்தாள்.

மறுநாள் காலை அது அவள் கட்டில் பக்கம் சாய்ந்திருந்தது.

"நான் தொடலையே" என்றாள் சித்தி. அப்பாவும் தொடவில்லையாம்.

சூரப்புலி அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கட்டில் மேல் ஏறாமலேயே, "குட் மார்னிங்" என்றாள்.