படி இல்லாத அறை

"யார் கேன்சல் பண்ணது?"

மாடிப்படியில் பாதி இறங்கும்போதே மகள் கேட்டாள். கையில் திறந்தபடி லேப்டாப். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரை போகிற குரல். கீழே சாப்பாட்டு மேஜையில் அவளுடைய அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, காப்பியில் நனைத்து, தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான்," என்றாள் அவள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அவள் மடித்த விரிப்பில் ஒரு கோடு பிசகாது என்பதால் அங்கே எல்லாருக்கும் அவள் மடிப்பம்மா. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஏழு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி அளவு இரும்புப் பெட்டியைத் தூக்கி, தரையில் பொட்டு வைப்பதுபோல் வைப்பாராம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பெட்டி நசுங்கியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, "எல்லாரும் சேந்து ஒரு தீவுக்குப் போவமா?" என்று அவராகவே கேட்டார். வாயைத் திறந்து எதையும் கேட்டறியாத மனுஷன் கேட்டதில் வீடே நெகிழ்ந்துபோனது. அன்றிலிருந்து ஆறு வாரமாக அந்த மேஜையில் வேறு பேச்சே இல்லை. மகள் பன்னிரண்டு விடுதிகளின் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மார்க் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, அவள் அதிக மார்க் கொடுத்ததையெல்லாம் பிரமாதம் என்றார். கூடவே இருக்கும் மடிப்பம்மாவின் நாத்தனார், வெயில் படாத கடற்கரையாகப் பார்க்கச் சொன்னாள். மடிப்பம்மா படங்களில் துண்டுகளைத்தான் பார்த்தாள். "இது நூறு தடவைக்கு மேல வெளுத்த துண்டு. போட்டோவுக்கு விசிறி மாதிரி மடிச்சு வச்சிருக்காங்க," என்பாள்.

கடைசியில் ஜெயித்தது கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் ஒரு மர வீடு. படகில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். படுக்கையறையிலிருந்தே ஏணி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கலாம். கிரேன்காரர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்," என்றார்.

மடிப்பம்மா மட்டும் வேறொன்றைக் காட்டினாள். தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டியதுமே ரோட்டோரம் ஒரு பழைய விடுதி. ஒரே தளம். நீச்சல்குளம் இல்லை. மணல்கூடக் கறுப்பு. "அத்தை, இது பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கே," என்று மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நேற்று மத்தியானம் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, பதிவு எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி, போனிலேயே அந்த மர வீட்டை ரத்து செய்துவிட்டாள்.

"ஏம்மா? அப்பா ஆசையா கேட்டது அது ஒண்ணுதான். அது உனக்குப் பொறுக்கலயா?"

"அந்த இடம் வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"படகு... ஏணி... நமக்கு ஒத்து வராது."

"உனக்கு ஒத்து வராது. அப்படிச் சொல்லு." மகள் லேப்டாப்பை மேஜையில் வைத்தாள். "அப்பா கையால ஒரு டம்ளர் எடுக்க விட மாட்டேங்கற. சட்டைப் பட்டன நீ போடற. யாராவது வீட்டுக்கு வந்தா அவர் பேசறதுக்கு முன்னாடி நீ பதில் சொல்ற. அவர் என்ன உன் சலவைக்கூடத்து விரிப்பா, நீ நினைச்ச மாதிரி மடிச்சு வைக்கறதுக்கு?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தியை வைத்துவிட்டு வந்தாள். இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி இருந்தது அவள் வந்த வேகம்.

"இப்பவாவது கேட்டியே. என் தம்பி வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டவன் இல்ல. இப்ப நடந்தா தள்ளாடறான், பேசினா நாக்கு குழறுது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வாசனை வராத சரக்கெல்லாம் இப்ப வந்திருக்காம். ஒரு ஆம்பள அறுபது வயசுக்கு மேல குடிக்க ஆரம்பிக்கறான்னா, வீட்ல நிம்மதி இல்லன்னு அர்த்தம்."

"அண்ணி, அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன எப்படி? சொல்லேன்."

மடிப்பம்மா கணவரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவர் வாயைத் திறந்தால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். அவர் தட்டில் இருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு எது வேணும்?" என்றாள் மகள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"பாரு... உன் முன்னாடி அவரால வாயத் திறக்கக்கூட முடியல." மகள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அப்பா சத்தமா சிரிச்சு நான் பாத்ததில்ல. நாலு நாள் சிரிக்கட்டுமேன்னு நினைச்சேன். அதையும் கெடுத்துட்டியேம்மா..."

மடிப்பம்மா எழுந்தாள். ரொட்டி பிய்த்த விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "மருந்துக்கடைக்குப் போயிட்டு வரேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். போனை எடுத்துக்கொள்ள மறந்துபோனாள்.

தெருவில் நடக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. வராதது அவளுக்கே அலுப்பாக இருந்தது. ஏழு மாதம் முன்பு, ஒரு ஆஸ்பத்திரி அறையில், டாக்டர் ஒரு காகிதத்தில் மனித உருவம் வரைந்து காட்டினார். கணவருக்கு நரம்பு நோய். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியாக மூச்சு... ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வரும். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது.

வெளியே வந்து, காரில் உட்கார்ந்ததும் கிரேன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது அந்தப் பிடியில் கொஞ்சம் பலம் இருந்தது. "யார்கிட்டயும் சொல்லாத. பிள்ளைங்க ஒரு தடவையாவது என்னோட எங்கயாவது போய் சந்தோஷமா இருந்துட்டு வரட்டும். நோயாளியப் பாக்கற மாதிரி பாத்தாங்கன்னா நான் அன்னைக்கே செத்துடுவேன். திரும்பி வந்ததும் நானே சொல்றேன். சத்தியம் பண்ணு." பண்ணினாள். தன் தலையில் என்னென்ன வந்து விழும் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

அவள் இல்லாத அந்த அரைமணியில் நடந்ததை, அப்போது கடைக்குப் போயிருந்த மாப்பிள்ளை மகளிடம் கேட்டு, பிற்பாடு அவளிடம் சொன்னார்.

சமையலறை மேடையில் போன் அடித்திருக்கிறது. மகள் எடுத்து, ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கத்துப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். ரோட்டோரத்துப் பழைய விடுதியின் வரவேற்பறைப் பெண்.

"அம்மா, நல்ல சேதி. நீங்க கேட்டீங்களே, பாத்ரூம் கதவு... நானே போய் டேப் வச்சு அளந்துட்டேன். எண்பத்திரண்டு சென்டிமீட்டர். சக்கர நாற்காலி வேண்டி வந்தாலும் தாராளமா போகும். ரூம்ல ஒரு படி கிடையாது. மூச்சு மெஷின் வைக்க வேண்டி வந்தாலும் கவலையில்ல, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பாலம் வழியா பத்து நிமிஷம். சமையல்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், சாருக்கு எல்லாத்தையும் கூழா அரைச்சுக் குடுத்துடுவார்." கொஞ்சம் தயங்கியிருக்கிறாள். "போன வாரம் நீங்க அவ்வளவு அழுதீங்களே... மனசே கேக்கல. அதான் நானே கூப்பிட்டேன். சார் இப்ப எப்படி முழுங்கறார்?"

மகள் போனை அப்படியே மேடையில் வைத்தாளாம். பிறகு அப்பாவின் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து, "அழுத்துங்கப்பா... என் கைய அழுத்துங்க," என்றாள். முப்பத்தொரு வருஷம் இரும்பை ஆட்டிவைத்த அந்த விரல்கள், ஈரத்துணி மாதிரி அவள் உள்ளங்கையில் கிடந்தன.

"நாந்தான்... சொல்ல வேணாம்னு..." என்றார் அவர். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "குடின்னு... நினைச்சுக்கட்டும்னு... விட்டேன். நோவுன்னு தெரியறதுக்கு... அது மேல்னு."

நாத்தனார் வந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மடிப்பம்மா திரும்பி வந்து கதவைத் தள்ளினாள். மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். கேட்காமலே புரிந்தது. மருந்துப் பையை ஆணியில் மாட்டினாள்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்னை அறைஞ்சிருக்கலாமேம்மா... நான் பேசினதுக்கெல்லாம் ஒரு அறை விட்டிருக்கலாமே... யாரோ முன்பின் தெரியாத பொண்ணுகிட்ட போய் அழுதிருக்கியே. நான் மேல் மாடியிலதானேம்மா இருந்தேன்..."

"சத்தியம் பண்ணிட்டேன்டி," என்றாள் மடிப்பம்மா. மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னை மன்னிச்சுடு. நான் பேசின பேச்சு..." என்று நாத்தனார் கையைக் கூப்பினாள்.

"விடுங்கண்ணி. உங்க தம்பி. உங்களுக்கு வயிறெரியாதா?"

எல்லாரையும் தேற்றி முடித்தபின் அவள் கணவரிடம் வந்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.

"இத்தனை மாசம் என்ன சொன்னாலும் தாங்கிக்கிட்டேன். அது பெரிசில்ல," என்றாள் மெதுவாக. "இன்னைக்கு அவ கேட்டா. நான் உங்களப் பாத்தேன். நீங்க ரொட்டியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை உருண்டு வந்து உதட்டிலேயே நின்றுவிட்டது. "சரி, அப்புறம் சொல்லுங்க," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. டாக்டரின் அனுமதி வாங்கி, ஐந்து வாரம் கழித்து அவர்கள் கிளம்பியபோது அவருடைய பேச்சு முழுசாக நின்றுபோயிருந்தது. சரி என்றால் ஒரு தடவை கண்ணை மூடுவார், வேண்டாம் என்றால் இரண்டு தடவை. அதை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியும்? ராத்திரி பகலாக அவள் போகும் இடமெல்லாம் அவர் கண்கள் கூடவே போயின. அவள் புரிந்துகொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. புரிந்தது என்று அவளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டாள்.

தீவில் முதல் இரண்டு நாளும் தூறல். கடல் ஈயப் பாத்திரம் மாதிரி கிடந்தது. சத்தம்போட்டுச் சிரிக்க யாராலும் முடியவில்லை. கிரேன்காரர் எதற்குப் பயந்தாரோ அப்படித்தான் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலை தூறல் விட்டது. மாப்பிள்ளையும் விடுதிக்காரர்களும் அவருடைய சக்கர நாற்காலியை மணல்வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். மடிப்பம்மா கூழ்க் கிண்ணத்தோடு உட்காரப் போனபோது மகள் அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ போம்மா. போய்க் கொஞ்சம் தண்ணியில நில்லு."

"உனக்குப் பழக்கமில்ல. அரை ஸ்பூன்தான் குடுக்கணும். தலை குனிஞ்சிருக்கணும்."

"தெரியும். உன்னப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். போ."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடிப்பம்மா கடலுக்குள் நடந்தாள். தண்ணீர் முழங்கால் வரை வந்ததும் நின்றாள். பின்னால் மகள் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகப் பேசுவது கேட்டது. பிறகு அவருக்குப் புரையேறியது. அந்த இருமல். அதில் எது சாதாரணம், எது ஆபத்து என்று தூக்கத்திலும் அவள் காது பிரித்துச் சொல்லும். அவள் உடம்பு தானாகத் திரும்பியது.

"நான் பாத்துக்கறேன்மா," என்று மகள் கத்தினாள். "நீ வராத. அங்கேயே இரு."

இருமல் நீண்டது, பின்பு அடங்கியது, மறுபடி ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடிப்பம்மா அங்கேயே நின்றாள். வீட்டில் ஒருவர் முன்னாலும் அழுதிராதவளுக்கு அப்போதுதான் உடைந்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். கரைக்கு முதுகைக் காட்டி நின்றதால், அவள் தண்ணீரின் குளிரில் சிலிர்த்து அனுபவிக்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.