பிளாஸ்டர் வீடு

கட்டில் விரிப்பின் மேல் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. கெலிஓயாவில் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகுமுன் மனைவி பஸ்லினா விரித்துவிட்டுப் போன நீல விரிப்பு. ருஷ்தி பொடியை ஊதிவிட்டான். அரை மணித்தியாலம் கழித்து, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தபோது, அதே இடத்தில், அதே அளவில், நுனி கூராக மறுபடியும் இருந்தது. அந்த வீட்டில் எதையும் இவ்வளவு நேர்த்தியாகக் குவித்து வைக்கும் ஆள் கிடையாது. அவன் நிச்சயமாக இல்லை.

பொடிக்குப் பக்கத்தில் அம்னா படுத்திருந்தாள். எட்டு வயது. கொய்யா மரத்திலிருந்து விழுந்து, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை பிளாஸ்டர் போட்டு மூன்று கிழமை.

"வாப்பா, உள்ளுக்கு கூச்சமா ஈக்கி," என்று சிரித்தாள்.

"எலும்பு ஒட்டுற நேரம் அப்பிடித்தான் மகள்."

அவன் டாக்டர் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடையொன்றில் டைல்ஸ் விற்பவன். எலும்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எறும்பைப் பற்றி என்றால் கூடுதலாகத் தெரியும். எட்டு மாதங்களுக்கு முன், ஒரு மழைக்குப் பிறகு பல்லேகலயில் இறக்கை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு ராணி எறும்பைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வந்தான். இப்போது அவளுக்கு ஐந்நூறு பிள்ளைகள். பிரச்சினை, வீடு. பிளாஸ்டிக் பெட்டி உள்ளே வியர்த்தது. செங்கல் காய்ந்தது. மரப்பலகையில் வார்னிஷ் மணந்தது. கடைசியில் பிளாஸ்டர் கரைத்து, மூன்று அறையும் ஒரு ஹோலும் வைத்து வார்த்தான். எறும்புகள் பெண் பார்க்க வந்தவர்களைப் போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதில் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டன.

"எறும்புக்கு வூடு தேடுற நேரத்துக்கு, எங்களுக்கு கூரை ஒழுகாத வூடு ஒண்டு தேடியிருக்கலாம்," என்றாள் பஸ்லினா.

அவன் கொப்பியில் எழுதி வைத்திருந்தான்: இருட்டு வேண்டும். ஈரம் வேண்டும். இளஞ்சூடு வேண்டும். தோண்ட இலகுவாக இருக்க வேண்டும்.

போன ஞாயிறு புதிய கலவை செய்தான். பிளாஸ்டரோடு, பழைய கூட்டின் மண் ஒரு கரண்டி, கித்துள் பனையின் இனிப்புப் பாணி இரண்டு சொட்டு. சொந்த வீட்டு மணம் வந்தால் குடியேறும் என்பது கணக்கு. அன்று பின்னேரம் அம்னா மழையில் நனைந்து வந்தாள். கைப் பிளாஸ்டரின் மணிக்கட்டு ஓரம் கரைந்து உதிர்ந்திருந்தது. கிளினிக் என்றால் ஒரு நாள் போய்விடும். கோப்பையிலோ அரைவாசிக் கலவை மிச்சம். இனிக் கரையக் கூடாதென்று டைல்ஸ் ஒட்டும் பசையும் கொஞ்சம் சேர்த்து, வழித்துப் பூசிவிட்டான். மட்டம் பார்த்துத் தேய்த்தும் விட்டான். தொழில்காரனல்லவா.

புதன்கிழமை எறும்புப் பெட்டி காலியாகக் கிடந்தது. ராணியும் இல்லை. யன்னலால் போயிருக்கும் என்று நினைத்தான். அன்றிரவு யன்னலோரம் கொஞ்சம் சீனி வைத்துவிட்டுத்தான் படுத்தான்.

இப்போது அவன் குனிந்து பார்த்தான். அவன் பூசிய இடத்தில், ஊசி முனையளவு ஒரு துவாரம். அதிலிருந்து ஒரு எறும்பு தலை நீட்டியது. வாயில் ஒரு வெள்ளைத் துகள். குவியலின் நுனியில் அதைப் போட்டது. திரும்பி உள்ளே போனது. இன்னொன்று வந்தது. எட்டு மாதமாக அவன் பார்க்கத் தவித்த காட்சி.

தேத்தண்ணி கையில் கொட்டியது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

இருட்டு. வியர்வை ஈரம். பிள்ளையின் உடம்புச் சூடு.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மகாவலி ஆறு ஒழுங்கைக்குள் ஏறியிருந்தது. படலை இருந்த இடத்தில் மண்ணிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. அம்பியூலன்சுக்கு ஃபோன் அடித்தான். தண்ணி வடியாமல் வண்டி வராது என்றார்கள். வைத்ததும் பஸ்லினா கோல் எடுத்தாள்.

"இங்க ரோட்டுல மண் சரிஞ்சீக்கி. எப்ப வருவேனோ தெரியா. பிள்ள என்ன செய்றா?"

"படுத்தீக்கா."

"நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்க?"

"படி ஏறினேன்," என்றான். அந்த வீட்டில் படிகளே இல்லை.

பிளாஸ்டர் தண்ணீரில் ஊறும். அது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அவளைத் திரும்பக் கட்டிலில் கிடத்தி, வாளியில் வெந்நீர் ஊற்றி அவள் கையை மணிக்கட்டு வரை இறக்கினான். மற்ற நேரமென்றால் அவனுக்கே ஞாபகம் வந்திருக்கும்: கூட்டுக்குள் தண்ணீர் வந்தால் எறும்பு வெளியே வராது. ராணியைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

பழைய பிளாஸ்டர் கொஞ்சம் கரைந்தது. அவன் பூசியது கரையவில்லை. நகத்தால் சுரண்டினான். கத்தியால் சுரண்டினான். கல்லைப் போல இருந்தது. நல்ல பசை. அவனே வாடிக்கையாளர்களுக்குச் சத்தியம் செய்து விற்கும் பசை.

அம்னாவின் சிரிப்பு நின்றது.

"வாப்பா. எல்லாரும் மேல ஓடுறாங்க."

கையை வெளியே எடுத்தான். துடைத்தான். காதை வைத்தான். உள்ளே, அரிசி கொழிக்கும் சத்தம். மெதுவாக. பிறகு நின்றது. கூரையில் மழை. தட்டில் ஒழுகும் சொட்டு.

மறுபடி தொடங்கியது. வேறு மாதிரி. மெத்தென்று.

"மகள், நோவுதா?"

"இல்ல வாப்பா. கூச்சமும் இல்ல." விரல்களைப் பார்த்தாள். அசைக்கச் சொன்னான். அவள் முயன்றாள். விரல்கள் அப்படியே இருந்தன. "ஒண்டுமே தெரியல்ல."

"ஒண்டுமில்ல மகள். வாப்பா ஈக்கேன்."



முழங்கைக்கு மேலே, பிளாஸ்டர் முடியும் விளிம்பில், ஒரு எறும்பு வந்தது. துகளைப் போட்டது. போனது. அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவசரமில்லாமல். வரிசையாக. நீல விரிப்பில் புதிய குவியல் எழும்பிக்கொண்டிருந்தது. அதே அளவு. அதே கூரான நுனி.

இது வெள்ளையாக இல்லை.