மூன்று இழுப்பு

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவாலே?" என்று கேட்டாள் ஞானபாய்.

"போதும்க்கா" என்றது ஜீவமணியின் வாய். வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் சோற்றை விட்டு மெல்ல எழுந்து நின்றது.

அக்கா சிரித்துவிட்டாள். "வாய் வேண்டாங்குது, விரல் கேக்குது பாரு" என்று ஒரு கரண்டி ஊற்றினாள். ஜீவமணிக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை மடக்கினான். மடங்கியது. ஆனால் அவன் சொல்லித்தான் மடங்கியது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

எல்லாம் அந்த அனுசியா மேடத்தின் வேலை. பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மாடியில் ஹிப்னோதெரபி பார்க்கிறவள். ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சிகரெட் ஊதித் தள்ளிய தம்பியின் சளியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அக்காதான் அவனை அங்கே இழுத்துப் போனாள். "அவரும் போயாச்சு. நீயும் போயிட்டா எனக்கு யாருலே இருக்கா?" என்று வழியெல்லாம் அழுதாள். மேடம் மந்திரம் ஒன்றும் போடவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். மற்றவர்களை மனசுக்குள்ளேயே படிக்கட்டில் இறக்குவாளாம். இவன் சங்குக்குளிப் படகுக்காரன் என்றதும் கடலுக்குள் பாகம் பாகமாக, ஆள் உயரம் ஆள் உயரமாக இறக்கினாள். பத்தாவது பாகத்தில் தரை. அங்கே மனசு சொன்ன பேச்சுக் கேட்கும், பழக்கத்தின் வேர் தெரியும் என்றாள். "வாய் மறைக்கிறத ஆழ்மனசு மறைக்காது. ஆமான்னா இந்த விரல் தானா எழும்பும்." எழும்பியது. பத்தொன்பது நாளாகச் சிகரெட் வாடை பட்டாலே அவனுக்குக் குமட்டுகிறது. வீட்டிலும் தினம் ஒருதரம் செய்யச் சொல்லி, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்திருந்தாள்.

அந்த வேர் எங்கே போகிறது என்பது ஜீவமணிக்கு மட்டும்தான் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் அவனுக்கு வீடும் இல்லை, அவளும் இல்லை.

இந்தக் கரையில் முங்கிச் சங்கு குளிக்கிறவனுக்குப் படகிலிருந்து கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்கள். பெற்ற அப்பனைக்கூட நம்பமாட்டார்கள். கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது எவன் கையை விடுவான்? கம்ப்ரசரும் காற்றுக்குழாயும் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அத்தான் எஸ்றாவுக்கு இவன் பிடித்தான். மூன்று இழுப்பு என்றால் மேலே தூக்கு. போன மாசியில், கரையில் நாலு பேர் பார்க்க எஸ்றா இவனை அறைந்தான். மறுநாள் கடலில் கயிறு மூன்று தரம் இழுத்தது. கொஞ்சம் தவிக்கட்டுமே என்று நினைத்தான் பாவி. கையிலிருந்த சிகரெட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் தூக்கினான். கீழே குழாய் மடங்கி அடைத்திருந்தது. "கயிறு அசையவே இல்லக்கா" என்று அவள் மடியில் விழுந்து அழுதான். புருசனைப் பறிகொடுத்தவள் இவனைத் தேற்றினாள்.

கை கழுவிவிட்டு வந்தபோது நாற்காலி ஜன்னலோரம் தயாராகக் கிடந்தது. வெளியே மத்தியான வெயிலில் கருவாடு காய்கிற வாடையும், துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற நிலக்கரித் தூசியும், எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதி நிறுத்துகிற சத்தமும், மூடாத குழாயிலிருந்து குடத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீரும் சேர்ந்து அந்தச் சின்ன அறையை நிறைத்திருந்தன.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. தலை வலிக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். அது அசையவில்லை. "வலிக்கலையேலே. உக்காரு."

மறுத்தால் சந்தேகப்படுவாள். கண்ணை மூடிச் சும்மா நடித்துவிடலாம் என்று உட்கார்ந்தான். "ஒரு பாகம். ரெண்டு பாகம்." அவள் குரல் மேடத்தின் குரலைவிட மெதுவாக இருந்தது. ஆறாவது பாகத்தில் காது அடைத்தது. குடத்துத் தண்ணீர் தலைக்கு மேலே சொட்டியது. பத்தாவதில் கால் மணலைத் தொட்டது.

"சிகரெட் வேணுமாலே?"

விரல் எழவில்லை.

"அத்தான நினைச்சா மனசு பதறுதா?"

எழுந்தது. தாளை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. ஐயோ, தாளை ஏன் மடிக்கிறாள்?

"அன்னைக்குக் கயிறு இழுத்துச்சா?"

இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி விரலை அழுத்தினான். அது எழுந்தது. இறங்கியது. எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

"ஒனக்குத் தெரிஞ்சுதா?"

எழுந்தது.

"சிகரெட்டு குடிச்சிட்டிருந்தியா?"

எழுந்தது.

அவள் அழவில்லை. எழுந்து போனாள். அவன் அறையில் அலமாரிக் கதவு திறந்தது. பழைய பாக்கெட். தீக்குச்சி உரசியது. நாற்காலி ஒன்று பக்கத்தில் நகர்ந்து வந்தது. புகை இறங்கியது.

அவள் கை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

"பதினோரு பாகம்."

தாளில் பத்துதான் உண்டு.

கால் மணலுக்குள் போனது. யாரும் உள்ளேயே மாட்டிக்கொள்ளமாட்டார்கள், தானாக விழித்துவிடுவார்கள் என்று மேடம் சொல்லியிருந்தாள். காத்திருந்தான். விழிக்கவில்லை. வாயைத் திறக்க நினைத்தான். வாய் எங்கே இருக்கிறது?

"பன்னெண்டு."

மூச்சு இல்லை. நெஞ்சு தூக்கிப் போட்டது. உடம்பில் அசைவது ஒன்றே ஒன்று. விரல்.

இழுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

அக்காவின் பிடி இறுகியது. தெரிந்துவிட்டது அவளுக்கு. தூக்கப்போகிறாள். கூடப்பிறந்தவள், தூக்காமல் விடுவாளா?

"இருலே" என்றாள், மேலே எங்கோ இருந்து. "இது முடியட்டும். பாக்கெட்டுல இன்னும் ஏழு கெடக்கு."

ஒன்று. இரண்டு. மூன்று.

"பதிமூணு பாகம்."